பூசானில் முந்நூறு கிராம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மலேசியாவின் லூனாஸ் ஊரில் மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். செம்பனைக் காட்டோரம் மேட்டை வெட்டிச் சமப்படுத்திக் கபடித் திடல் அமைத்தேன். எங்கள் பெண்கள் அணியைக் கொரியாவின் பூசான் நகரத்துப் போட்டிவரை கூட்டிச் சென்றதும் நான்தான்.

முதல்நாள் கடலோரக் கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மீன் சந்தையில் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரணிக்குள் கபடி பாடிப் போவதில் கெட்டிக்காரியான தேவி மட்டும் தட்டைத் தொடவில்லை.

"நாளைக்கு எடை பாப்பாங்க அங்கிள். கூடினா ஆட்டத்துல எறக்க மாட்டாங்க."

"என் டீம்ல யாரும் பட்டினி கெடந்து ஆடினதில்ல. சாப்பிடும்மா, நான் பேசிக்கிறேன் லா."

ஊரில் நான் பேசினால் காரியம் நடக்கும். என் முகத்துக்காக அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மறுநாள் காலை தராசு முந்நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். அப்போதும் கூடுதல்தான். நான் கையை ஆட்டி ஆட்டி அதிகாரியிடம் பேசினேன். அவர் குனிந்து வணங்கிவிட்டுத் தராசையே காட்டினார்.

"விடுங்க அங்கிள். ஆசையாதானே வாங்கிக் கொடுத்தீங்க," என்றாள் தேவி. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, நாங்கள் தோற்கும்வரை கைதட்டினாள். நான் வற்புறுத்தியதை இன்றுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

இப்போது எங்கள் ஊர்க் கபடிச் சங்க ஆண்டு மலரில் 'தேவியின் கவனக்குறைவால் தோற்றோம்' என்று அச்சடிக்கப் போகிறார்கள். திடல் அமைத்தவன் என்று முதல் பக்கத்தில் என் படம் வருகிறது.

சங்கத்தாரே, அவள் பெயரை எடுத்துவிட்டு அந்த வரியிலும் என் பெயரைப் போடுங்கள். அதுவும் நான் செய்ததுதான்.