முடியில் ஏறிய கடல்

செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "உமா எங்க, அங்கிள்? உங்ககூட வரலையா?" என்று கேட்டாள்.

உமா என் மகள். அவளைப் பார்க்கத்தான் திருச்சியிலிருந்து பினாங்குக்கு வந்திருந்தேன். காலை ஏழு மணிக்கு விமான நிலையத்திலிருந்து பேசியபோது, "லேப்ல முக்கியமான வேலைப்பா. போன் எடுக்க முடியாது. சாயங்காலம் வரேன், நீங்க ரூம்ல தூங்குங்க" என்றாள். சூலியா தெருவில் அவள் பார்த்து வைத்திருந்த அறையில் பையை வைத்தேன். தூக்கம் வரவில்லை. கீழே ஒரு கடையில் இரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) நுரை பொங்க ஆற்றிய டீ குடித்துவிட்டு, அவள் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்துடன் பஸ் ஏறினேன். மதியச் சாப்பாட்டு நேரத்திலாவது முகத்தைப் பார்த்துவிடலாமே என்று.

"உங்கள ஊர் சுத்திக் காட்டணும்னு இன்னைக்கு லீவு போட்டிருக்கா, அங்கிள்" என்றாள் அந்தப் பெண். பெயர் யாஸ்மின், உமாவோடு வேலை செய்பவள், சூலியா தெருவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம்.

என்னிடம் லேப் என்று சொல்லியிருக்கிறாள். லேப்பில் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். யாரும் தேடாத ஒரு பகலை உண்டாக்கிக்கொண்டு என் மகள் எங்கோ போயிருந்தாள். போன் செய்தேன். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

யாஸ்மின் என்னை உட்கார வைத்துவிட்டு ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தாள். எனக்கு எதிரே மேசையில் ஒரு கண்ணாடிக் குழாய். நீர்த்த அமிலத்துக்குள் நக அளவில் ஒரு எலும்புத் துண்டு. அதன் சுண்ணாம்பெல்லாம் கரைந்துபோய் உருவம் மட்டும் மிஞ்சியிருந்தது. நுங்கில் புகுவதுபோல் வெளிச்சம் அதனுள் புகுந்து வந்தது. மேசையில் என் முழங்கை பட்டதும் அந்த எலும்பு மெல்ல வளைந்து, நிமிர்ந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"தொட்டுடாதீங்க அங்கிள். ரெண்டு வாரமா உமா அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறா."

"யாரு இது?"

"ஒரு பொம்பள. ரொம்பப் பழைய காலத்து ஆளு."

இந்தத் தீவுக்கு எதிரே, வடக்கே பெருநிலக் கரையில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் தின்று எறிந்த சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்த இடத்தில் கிடைத்தவளாம். நாம் தின்பது உடம்பில் தடம் விட்டுப் போகிறது. நைட்ரஜனில் கொஞ்சம் கனமான வகை ஒன்று உண்டு. அது செடிகொடியில் குறைவு, அதைத் தின்னும் உயிரில் சற்றுக் கூடுதல், கடலில் மீனைத் தின்னும் மீனைத் தின்பவர்களிடம் இன்னும் கூடுதல். பல் சிறு வயதுச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். எலும்பு சாகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

"இவ பல்லு காட்டுச் சாப்பாடுன்னு சொல்லுது. எலும்பு கடல்னு சொல்லுது. எங்கிருந்தோ உள்நாட்டிலிருந்து வந்திருக்கா அங்கிள். திரும்பிப் போகல."

பக்கத்துத் திரையில் ஒரு வரைகோடு. இடப்பக்கம் தரையோடு தட்டையாக வந்து, பாதிக்கு மேல் ஏறி, ஏறியபடியே நின்றது. மின்வாரியத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாக இப்படிப்பட்ட கோடுகளைத்தான் பார்க்கிறேன். "இதுவும் அவளோடதா?" என்றேன்.

யாஸ்மின் போனைக் காதில் வைத்தபடியே, "இல்ல அங்கிள், அது உமாவோட முடி" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முடியிலும் அதே கனமான நைட்ரஜன் பதியுமாம்; முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளருமாம். நுனி திருச்சி, வேர் போன மாதம். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வந்ததில்லை. கல்யாண வீட்டில் பந்தி மாறி உட்கார்ந்துவிடக் கூடாதென்று எழுந்து விசாரிக்கும் குடும்பம். கோடு ஏறிய இடத்தைப் பார்த்தபடி இருந்தேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழாயில் இருந்தவளும் என் மகளும் ஒரே திசையில் நடந்திருந்தார்கள்.

அறையின் மூலைக்குப் போன யாஸ்மின் அங்கேயே நின்றாள். ஐஸ் பெட்டியைக் காணோம். ரப்பர் பூட்ஸைக் காணோம். "கெராங் எடுக்கப் போயிருக்கா லா" என்றாள் மெதுவாக. 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால்; கெராங் என்றால் சேற்றில் கிடைக்கும் சிறு சிப்பி. அதே கரையில் இன்று உயிரோடு இருக்கும் சிப்பியை அளந்தால்தான் பழைய எலும்பின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். "இந்த வாரம்தான் தண்ணி நல்லா வத்தும்னு சொல்லிட்டிருந்தா. உங்ககிட்ட சொன்னா விடமாட்டீங்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

12.30. யாஸ்மினோடு படகுத்துறை. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி, கால் மணி நேரம். இரண்டு கரையையும் ஒன்றாகப் பார்க்க அழகான இடம் என்பார்கள். நான் தண்ணீரின் நிறத்தைத்தான் பார்த்தேன். சாம்பல்.

அந்தக் கரையில் குணா என்பவரின் வாடகைக் கார் கிடைத்தது. சுங்கை பாக்காப் ஊர்க்காரர். பெனாகா கடற்கரை வரை முப்பது கிலோமீட்டர், நாற்பது வெள்ளி.

"கெராங்கைத் தேடியா போறா? வறுத்துத் தின்னுவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். அதை வெச்சுப் படிக்கிறாங்கன்னு இப்பதான் கேக்குறேன் அண்ணே."

"நீங்க ரோட்டைப் பாருங்க லா" என்றாள் யாஸ்மின்.

"பாத்துட்டுதாம்மா இருக்கேன். அது எங்கயும் ஓடிடாது." பிறகு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். வேகத்தைக் கூட்டினார்.

இருபுறமும் வயல். ஊர் ஞாபகம் வரும்படி பச்சை. அதற்கு நடுவே ஒரு வளைவில் ஓரமண் வெள்ளையாகத் தெரிந்தது. "சிப்பி ஓடு" என்றாள் யாஸ்மின். "அப்போ கடல் இதுவரைக்கும் இருந்துச்சு அங்கிள்." கடல் இருந்த இடத்தில் நெல் நின்றது. ஜன்னலை ஏற்றிக்கொண்டேன்.

1.45. சாலை மண்கரையில் முடிந்தது. அப்பால் சேறு, கண்ணுக்கு எட்டியவரை. ஒரு பறவைகூட இல்லை. அலை என்று எதுவும் வரவில்லை. சேற்றின் பளபளப்பு மட்டும் நிற்கும் இடம் மாறி மாறிக் கரைப் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் தண்ணீர் என்று புரியச் சற்று நேரமானது.

மறுபடி போன் செய்தேன்.

மணி என் காலடியில் அடித்தது.

கண்டல் செடியின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், வீட்டு வாசலில் விடுவதுபோல் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. இடது பூட்ஸுக்குள் போன் ஒளிர்ந்தது. திரையில் 'அப்பா'. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அடித்து ஓயும்வரை மூவரும் நின்றோம்.

"சேத்துல பூட்ஸ் போட்டா இழுத்துரும் அண்ணே. வெறுங்கால்லதான் போவாங்க" என்றார் குணா. ஆறுதலாகத்தான் சொன்னார். அங்கிருந்து வெறுங்கால் தடங்கள் கிளம்பின. இரண்டு பேருடையவை. சற்றுத் தூரத்தில் அவற்றில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அதற்கப்பால் தடமே இல்லை. திரும்பிவந்த தடமும் இல்லை.

யாஸ்மின் உமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் போனது, எதிலும் பட்டுத் திரும்பவில்லை.

ஊரில் காவிரி பெருகினால் சத்தம் கேட்கும். பாலத்தில் கூட்டம் கூடும், போலீஸ்காரர் விசில் ஊதுவார். தண்ணீர் வருவதை ஊரே சொல்லும். இங்கே அது யாருக்கும் சொல்லாமல் வந்தது. அந்தப் பழைய பெண்ணுக்கும் உள்நாட்டில் ஒரு தகப்பன் இருந்திருப்பான். அவள் என்ன தின்றாள் என்று இன்று நமக்குத் தெரிகிறது; அவனுக்குத் தெரிந்திருக்காது. உமா எதை வேண்டுமானாலும் தின்னட்டும், தின்ன இருக்கட்டும் என்று நான் யாரிடமோ கேட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் அந்தப் போன் என் காலடியில் அடிக்கிறது.

2.25. எங்களுக்குப் பின்னால், மண்கரையின் மேல் இன்ஜின் சத்தம். பக்கப் பெட்டி வைத்த ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியது தலைத்துணி கட்டிய ஒரு மலாய் அம்மா; அவர் வெறுங்காலிலும் சேறு. பெட்டியில் ஐஸ் பெட்டியை அணைத்தபடி ஓர் உருவம், இடுப்புவரை சேறு காய்ந்து எலும்பு நிறத்தில். அது இறங்கி என்னை நோக்கி நடந்தபோதும் நான் நகரவில்லை. கன்னத்துச் சேறு சிரிப்பில் வெடித்த பிறகுதான் உமா என்று நம்பினேன்.

"தண்ணி ஏறினதும் ஆத்து முகத்துல கரையேறிட்டோம். சுத்தி வர நேரமாயிடுச்சு" என்று யாஸ்மினிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள். அக்குளில் நசுங்கியிருந்த வாழை இலைப் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா" என்றாள். "அதுக்கு முன்னாடி அதைப் பிரிங்க. பசிக்குது."