காலால் மிதிக்கும் கிட்டார்

ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவர் யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அதில் முதலில் பிடித்தது அதுதான். சின்ன மேசை மாதிரி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுகிறார். மேசையின் மேல் வரிசையாகக் கம்பிகள். இடது கையில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை. அதைக் கம்பிகளின் மேல் வைத்து இழுக்கிறார், வலது கை மீட்டுகிறது. எதிரில் இருப்பவர்களுக்கு அவருடைய உச்சந்தலைதான் தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குக் குரலே வராது. பத்தாவது வரைக்கும் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்து படித்து முடித்தவள் நான். இப்படி ஒரு வாத்தியம் இருக்கிறது என்று தெரிவதற்குள் தலை பாதி நரைத்துவிட்டது.

கச்சிராயபாளையத்தில், அணைக்குப் போகும் ரோட்டில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கிறேன். சந்தை நாளில் மலையிலிருந்து இறங்கி வரும் பெண்கள் காலையில் துணியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வெள்ளிமலை பஸ் ஏறுவதற்குள் ஜாக்கெட் கையில் இருக்க வேண்டும். மத்தியானம் சாமான் வாங்கி முடித்ததும் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒன்றும் கேட்க மாட்டார்கள். மிஷினையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க என் கால் வேகமாக மிதிக்கும். மோட்டார் வைத்திருக்கிறேன். ஆனால் கழுத்து வளைவில் மோட்டார் துணியை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். அதனால் பாதி வேலை இன்னும் காலால்தான்.

போனை மிஷினுக்குப் பின்னால் சாய்த்து வைத்து ஏதாவது பாட்டு ஓடவிடுவேன். அது ஒன்று முடிந்ததும் தானே இன்னொன்றுக்குப் போகும். அப்படித்தான் ஒருநாள் இது வந்தது. பாட்டு என்று வார்த்தை எதுவும் இல்லை. ஆர்மோனியம் மாதிரி கட்டை கட்டையாக நிற்காமல், ஒரு சத்தத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போனது. அதிலும் ஒரு இடம் வந்தது. அந்த வாத்தியத்திலேயே இரண்டு குரல் சேர்ந்து போய்க்கொண்டிருக்கும்போதே ஒன்று அங்கேயே நின்றுவிட்டது. மற்றொன்று அதை விட்டுவிட்டு மேலே போனது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். பெஞ்சில் இருந்த அம்மா, "நூலு அந்துபோச்சா?" என்று கேட்டார்.

போனில் ஓடிய அந்தப் படத்திலேயே கொஞ்ச நேரம் கழித்து மேசைக்கு அடியில் காட்டினார்கள். அடியில் கம்பி, ஸ்பிரிங், மிதிப்பதற்கு மூன்று பெடல்கள். முட்டிக்கு நேராக நாலு லீவர்கள் தொங்கின. முட்டியால் இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கம்பி ஏறுகிறது, அந்தப் பக்கம் தள்ளினால் இன்னொன்று இறங்குகிறது. இது நம்ம மிஷின்தானே என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கேயும் வலது முட்டியால் ஒரு லீவரைத் தள்ளினால்தான் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் தூக்கும். கால் ஒரு வேலை, முட்டி ஒரு வேலை, கை ஒரு வேலை. மற்றவர்கள் வருஷக்கணக்காகக் கற்க வேண்டியதில் பாதியை நான் ஏற்கெனவே கற்றுவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நம்பினேன்.

முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்லும் படங்கள் எத்தனையோ இருந்தன. எல்லாம் இங்கிலீஷ். கீழே அரைகுறைத் தமிழில் எழுத்து ஓடும். அதை வைத்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பெடல் இல்லாத வகை ஒன்று உண்டு; சின்னது, ஆறு கம்பி, மடியில் வைத்துக்கொள்ளலாம். பெடல் உள்ளது பத்துக் கம்பி, நிற்பதற்குக் கால்கள் உண்டு, கனம் ஜாஸ்தி. நான் கேட்ட அந்த இடம், ஒன்று நின்று ஒன்று போகும் இடம், பெடல் உள்ளதில்தான் வரும். வாங்கும்போது மிதித்து, விட்டுப் பார்க்க வேண்டும். கம்பி பழைய இடத்துக்கே திரும்பி வந்தால் நல்ல சாமான்.

சந்தை நாள்களிலெல்லாம் அந்த ஒரு நினைப்புதான் என்னைச் சாயங்காலம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. என் கையால் செய்வதெல்லாம் அன்றைக்கே யாராவது போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கென்று ஒன்று வேண்டும், அது அந்தச் சத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பழைய சாமான் விற்கும் ஆப்பில் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. பெடல் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, இரண்டும் விற்பனைக்கு. போன் செய்ய எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுக்காரரின் தங்கை வடக்கனந்தலில் இருக்கிறாள். வேலை ஜாஸ்தியாக இருந்தால் கொக்கி கட்ட, காஜா போட வருவாள். அவளிடம் போனைக் கொடுத்தேன்.

"இன்னா அண்ணி, கிட்டாரா?" என்றாள். "யாருக்கு?"

"எனக்குத்தான் பாப்பா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நம்பரைப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டாள். "சார், எங்க அண்ணிக்கு ஓணும். இல்லிங்க, அவுங்க பேச மாட்டாங்க, நான்தான் பேசுவேன். பெடலு நல்லா வேலை செய்யுதுங்களா? எண்ணெ கிண்ணெ போடணுங்களா?"

வீட்டுக்காரர் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் வண்டி ஓட்டுகிறார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "வாங்கறதுன்னா வாங்கு. எங்க வெப்ப?" என்றார். பீரோவுக்குப் பக்கத்தில் என்றேன். எழுந்து போய்ப் பீரோவைச் சுவரோடு தள்ளி வைத்தார்.

பள்ளிக்கூடம் திறந்து யூனிஃபார்ம் வேலை முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், பாண்டிச்சேரி என்று மூன்று பஸ். யூனிஃபார்ம் வேலையில் என் கணுக்கால் இரண்டும் வீங்கிப்போயிருந்தன. வழி முழுக்கச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டே உட்கார்ந்திருந்தேன்.

விற்கிறவர் கப்பலில் வாசித்தவர். ஊர் ஊராகப் போகும் பெரிய கப்பல்களில் சாப்பாட்டு நேரத்துக்கு வாசிப்பார்களாம். மாடி வீட்டில் தனியாக இருந்தார். இடுப்பில் அகலமாக ஒரு பெல்ட் கட்டியிருந்தார்.

"முதுகு போச்சும்மா," என்றார். "இதத் தூக்கித் தூக்கித்தான் போச்சு. அதான் விக்கிறேன். மாடியிலேர்ந்து எறக்கறதுக்கு மட்டும் என்னக் கூப்பிடாதீங்க."

ஜன்னலோரத்தில் அதை விரித்து நிறுத்தியிருந்தார். படத்தில் பார்த்ததை விடப் பெரிசு. நான் முதலில் குனிந்து அடியில்தான் பார்த்தேன். கம்பி, ஸ்பிரிங், இணைப்பு எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் உட்காரச் சொன்னார். இரும்பு உருளையை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். இடது கால் மூன்று பெடலுக்கு, வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தனி மிதிக்கு என்றார். பிறகு, "முட்டியத் தொறக்கணும்மா. லீவரு வெளிப்பக்கம் இருக்கு," என்றார்.

புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கொசுவம் இழுத்துப் பிடித்தது. முட்டி லீவர் வரைக்கும் போகவில்லை.

"தூக்கிச் சொருவு அண்ணி, நாத்து நடப் போறாப்பல," என்றாள் என் நாத்தனார். "துணியெல்லாம் அடுத்தவுங்களுக்குத்தான் தைக்கிற. உனக்கு ஒரு சுடிதாரு தெச்சிக்கினு வந்திருக்கலாம்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர், "டீ போட்டுட்டு வரேன்," என்று உள்ளே போனார். கதவையும் சாத்திக்கொண்டார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

புடவையைச் சொருகிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டி, இடது காலால் மிதித்தேன். அது வந்தது. ஒன்று நின்றது, ஒன்று மேலே போனது. பல நாள் போனில் கேட்டது என் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

இன்னொரு தடவை மீட்டினேன். இந்தத் தடவை சத்தம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. பெரிசானது, சின்னதானது. குனிந்து பார்த்தேன். என் கால் இரண்டும் மிதித்துக்கொண்டிருந்தன. முன்னால், பின்னால், முன்னால், பின்னால். பெஞ்சில் மலைக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் எப்படி மிதிப்பேனோ அப்படி.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்கணும்மா. நீங்க என்ன, சைக்கிளுக்குக் காத்து அடிக்கிறீங்களா?"

"அண்ணி டைலருங்க சார்," என்று நாத்தனார் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓ. அப்ப கஷ்டந்தான்."

கஷ்டம்தான். அழுத்திப் பிடித்தால் தொடை நடுங்கியது. நடுங்காமல் வைத்தால் கால் தானாக ஆட ஆரம்பித்தது. வலது முட்டியால் லீவரைத் தள்ளியபோது திருப்பூரில் வந்த வலி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஒன்றும் கற்காதவளாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் வேறு ஒன்றை நன்றாகக் கற்றுவிட்டுப் போயிருந்தேன். பழக்கம் மாற ஒரு வருஷம் ஆகலாம், இரண்டு வருஷம் ஆகலாம், ஆனால் மாறிவிடும் என்று டீயோடு வந்த அவர் சொன்னார். பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

டீயைக் குடித்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே இருந்தேன். கழுத்து குனிந்திருக்கிறது. முட்டி ஒன்றைத் தள்ளுகிறது. பாதம் ஒன்றை அழுத்துகிறது. நாளெல்லாம் ஒரு மிஷினில் இப்படி உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொன்றில் இப்படியே உட்கார வேண்டும். அந்தச் சத்தம் அதற்குத் தகும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் காலுக்குத்தான் அந்தத் தெம்பு இல்லை. யார்மேலும் கோபம் வரவில்லை. எங்கேயாவது காலை நீட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"காலு இல்லாதது ஒண்ணு போட்டிருந்தீங்களே," என்றேன். அந்த வீட்டில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, குனிய முடியாது என்றார். நாத்தனார் எடுத்தாள். பலகை மாதிரி ஒன்று, ஆறு கம்பி. தரையில் சுவரோரம் உட்கார்ந்து, காலை நீட்டி, தொடைமேல் வைத்துக்கொண்டேன். வழுக்கியது, இழுத்தது, நன்றாகத்தான் இருந்தது. உருளையை நகர்த்தினால் எல்லாக் கம்பியும் சேர்ந்தே போயின, சேர்ந்தே வந்தன.

"அதுல ரெண்டு கொரலு தனித்தனியா போவாதும்மா," என்றார்.

"தெரியுதுங்க."

"அப்பறம் வருத்தப்படுவீங்க."

"படுவேங்க."

அவர் ஜன்னலோரத்துப் பெரிசைப் பார்த்தார். அது போகப்போவதில்லை என்று அவருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும். சின்னதை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தார். இரும்பு உருளையை மட்டும் ஒரு தடவை தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தந்தார்.

பஸ்ஸில் நாத்தனார் விழுப்புரம் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தாள். "இத்தினி நாளு பெடலு பெடலுன்னு சொல்லிகினு இருந்துட்டு, அது கண்ணு முன்னால இருக்கசொல்ல இத எடுத்துகினு வர. அந்தாளு வெலையக்கூட கொறச்சாரு. ஒரு சுடிதாரு தெச்சா தீந்துது."

"சுடிதாரு பிரச்சனை இல்ல பாப்பா."

"பின்ன இன்னா?"

செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அவள் பக்கம் நகர்த்தினேன். பார்த்தாள். அதற்குப் பிறகு திட்டவில்லை.

கடை அடைத்து, சோறு ஆக்கி, பாத்திரம் கழுவி முடித்த பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டுவதில்லை. மாட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். எனக்கு அது போதும். சில நாள் நான்கைந்து இழுப்பிலேயே தூக்கம் வந்துவிடும். ஒரு மெட்டு ஏறக்குறைய வந்திருக்கிறது. அதில் இரண்டு குரல் பிரிய வேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் நிற்கிறது. வராது என்று தெரிந்தும் நிற்கிறது. அவர் சொன்னது சரி. வருத்தமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாள். அந்த மெட்டை வாசித்தேன். எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நடுவில் கை காட்டி நிறுத்தினாள்.

"அண்ணி, உன் காலு இன்னும் தைக்கிது."

பார்த்தேன். நீட்டியிருந்த பாதம் இரண்டும் காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன. எனக்குத் தெரியவே இல்லை. அவள் நகர்ந்து வந்து இரண்டு பாதத்தையும் தன் மடிமேல் தூக்கி வைத்து, கணுக்காலில் கை போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சூடு. ம், இப்ப வாசி."

வாசித்தேன். அவள் பிடித்திருந்த வரைக்கும் கால் ஆடவில்லை.