சக்கர நாற்காலிக் கடையின் பழைய முகவரிகள்

புது இணையதளம் வெளியான சில வாரங்களிலேயே வதனி அக்காவின் கடைக்குப் புதிதாக யாரும் வருவது நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் சக்கர நாற்காலி பழுதுபார்க்கும் கடை நடத்துபவர் அவர். இணையதள வேலை செய்பவன் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்டெஃபான்ட வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி என்ட மனுசன் சொல்றார். எனக்கு மனம் வருதில்லை" என்றார். ஸ்டெஃபான் அவருடைய ஒரே மெக்கானிக். இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

தளத்தைத் திறந்து பார்த்தேன். முன்பு பிரேக், டயர், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருந்திருக்கிறது. புதிய தளத்தைச் செய்தவர்கள் அந்தப் பக்கங்களின் பழைய இணைய முகவரிகளை எல்லாம் மொத்தமாக முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்து, அதாவது திருப்பி விட்டிருந்தார்கள். பிரேக் பழுதென்று தேடி வந்தவர் வரவேற்புப் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தேடுபொறியும் பழைய பக்கங்கள் இல்லாமல் போனதாகவே எடுத்துக்கொண்டது.

"சரி பண்ணிடலாம் அக்கா. ஆனா ரிசல்ட் உடனே தெரியாது" என்றேன்.

அந்த வாரமே ஒரு விற்பனையாளர் வேகமான வழி ஒன்றோடு அக்காவிடம் வந்திருந்தார். சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் கிளை இருப்பதுபோல ஊருக்கு ஒரு பக்கம் போட்டு, அத்தனையையும் இந்தக் கடைக்குத் திருப்பிவிடுவாராம். அக்கா என் கருத்தைக் கேட்டார். கொஞ்ச நாள் தேடல் முடிவுகளில் மேலே வரலாம், பிடிபட்டால் மொத்தத் தளமும் கீழே போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் யோசித்தது வேறு.

"அங்க எங்களுக்குக் கடை இல்லையே தம்பி. நடக்க ஏலாத ஒரு ஆள் அதை நம்பி வெளிக்கிட்டு, தெருவில போய் நிண்டா? வேண்டாம். நீங்கள் சொன்ன மாதிரியே செய்யுங்கோ. நான் பொறுக்கிறன்."

ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குச் சரியான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் செய்தேன்; பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு அது. நிறுத்திவிட்ட சேவைகளை எங்கேயும் திருப்பவில்லை. இப்போது இல்லை என்று நேராகவே எழுதினோம். பிறகு ஒரு பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, இன்னும் வழக்கமாக வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தேன். விலையைவிட அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று இருந்தது: "பழுதுபார்த்து முடியும் வரை நான் எதில் உட்காருவது?" அதுவரைக்கும் கடையிலேயே ஒரு மாற்று நாற்காலி தருவார்கள். அது தளத்தில் எங்கேயுமே இல்லை. ஸ்டெஃபான் சொல்லச் சொல்ல, அதற்கென்றே ஒரு பக்கம் எழுதினேன்.

குளிர்காலம் முழுக்கப் பெரிய மாற்றம் இல்லை. அக்கா ஒரு தடவைகூட என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஸ்டெஃபானின் நேரத்தையும் குறைக்கவில்லை. வசந்தத்தில் பிரேக், டயர் என்று பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடல் முடிவுகளில் மேலே வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது அந்த மாற்று நாற்காலிப் பக்கம். அதைப் படித்துவிட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வந்த ஒரு பெண், "வேறு எங்கேயும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை" என்று ஸ்டெஃபானிடம் சொன்னாராம். அக்கா அன்றே என்னை அழைத்தார்.

"ஆக்கள் வருகினம் தம்பி. பெரிய உதவி செய்திருக்கிறியள்."

நன்றி சொல்ல வேண்டியவன் நான். நேர்மையான வழிக்குப் பொறுமை வேண்டும், அந்தப் பொறுமைக்கான கஷ்டத்தை எங்கள் வாடிக்கையாளரான கடைக்காரர்தான் சுமக்கிறார். அக்கா சுமந்தார். என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களை இன்று முதலில் கணினியின் முன் உட்கார வைப்பதில்லை. வாடிக்கையாளரின் கடைக்கு அனுப்புகிறேன், அங்கே வருகிறவர்கள் கேட்பதைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி.