சத்தமில்லாமல் பழகிய விரல்கள்

வெளிமாநிலத்தில் வாகட் என்ற பகுதிக்குக் குடிவந்த பிறகு பேக்பைப் என்ற ஊதுவாத்தியம் கற்க ஆரம்பித்தேன். காற்றுப் பையைச் சேர்க்கும் முன் வெறும் குழலில் விரல் பழக வேண்டும். ஸ்வரம் மாறும்போது ஒரு விரல் மூடுவதும் இன்னொன்று திறப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். எனக்கு ஒரு விரல் பிந்தும். நடுவில் 'கீச்' என்று ஒரு சத்தம் வரும்.

ஒரு மாலை, எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்ப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணா, பாப்பா தூங்கவே மாட்டேங்குதுங்க. கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கறீங்களா?"

சரி என்றேன். கதவைச் சாத்தியதும் கோபம் வந்தது.

குழலை விட மனமில்லை. ஊதாமல் விரல்களை மட்டும் நகர்த்தினேன். அப்போதுதான் மோதிர விரல் விறைத்துக்கொண்டு துளையை விட்டு அதிகமாக எழுவது தெரிந்தது. அதைத் தளர்த்தி, தினமும் மெதுவாகப் பழகினேன்.

குழந்தை தவழத் தொடங்கிய பிறகு, ஒரு ஞாயிறு காலை ஒரு பாட்டை மெல்ல ஊதிப் பார்த்தேன். கீச்சொலி வரவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். பயந்துபோய் நிறுத்திவிட்டுத் திறந்தேன். அவள்தான்.

"மன்னிச்சுக்கம்மா, நிறுத்திட்டேன்."

"ஏனுங்கண்ணா பாதியில நிறுத்துனீங்க? பாப்பா கேட்டுட்டு இருந்தா."

இருவரையும் உள்ளே உட்காரவைத்து அந்தப் பாட்டை முழுவதும் வாசித்தேன். அவள் அன்று தடுத்திராவிட்டால் என் விரல்களை நான் கவனித்திருக்கவே மாட்டேன். அதை அவளிடமே சொன்னேன்.