வட்டத்துக்கு வெளியே ஒரு லேத்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் எங்கள் கம்பெனிக்கு ஆலோசகர்கள் வந்தார்கள். திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார்கள். நமக்கு மிக நன்றாக வரும் வேலை மட்டும் வட்டத்துக்குள் இருக்கட்டும், மற்றதை வெளியே கொடுத்துவிடலாம் என்றார்கள். நான் பர்ச்சேஸில் இருந்தேன். கேட்டபோது சரியாகவே பட்டது. இன்றும் அதைத் தவறென்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பம்பின் சுழல்தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ்ஷைக் கடையும் லேத்துகள் வட்டத்துக்கு வெளியே போயின. அவற்றில் ஒன்றை ஓட்டியவன் என் நண்பன். ஒரே பஸ்ஸில் வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். வேலையை விட்டுப் போகிறவர்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பதிலாக அவரவர் லேத்தையே கம்பெனி கொடுத்தது. அதே புஷ்ஷை வெளியிலிருந்து கடைந்து தரலாம். கள்ளிக்குப்பத்தில் வீட்டை ஒட்டி ஷீட் போட்டு அவன் லேத்தை இறக்கினான்.

"இன்னா மச்சான், இனிமே நான் மொதலாளி. வணக்கம் வெச்சிட்டுப் பேசு."

"மொதலாளிக்கு மூஞ்சி முழுக்க கிரீசு. போய்க் கழுவிகினு வா," என்றாள் அவன் மனைவி.

ஆயுத பூஜையன்று லேத்தைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்திவிடுவோம். மறுநாள் விஜயதசமிக்கு ஒரு பீஸாவது ஓட்டித் தொடங்க வேண்டும். அது ஆர்டர் பீஸாக இருக்க வேண்டும். கழிவு இரும்பைக் கடைந்து தொடங்கினால் வருஷம் விளங்காது என்பார்கள்.

சில வருஷங்களில் வேறு ஆலோசகர்கள் வந்தார்கள். பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்காதீர்கள், பெரிய ஓரிருவர் போதும் என்றார்கள். இனி அவனிடம் புஷ் வாங்குவதில்லை என்ற முடிவு பூஜைக்கு முந்தின வாரம் வந்தது. தபாலில் தெரிந்துகொள்ள வேண்டாமே என்று நானே போய்ச் சொன்னேன்.

அவன் சண்டை போடவில்லை. "அந்த வட்டத்துக்கு உள்ளயும் இல்ல, வெளியவும் இல்ல. அப்ப நான் எங்க மச்சான் கீறேன்?"

லேத்தின் மேல் கையை வைத்து, "தசமிக்கு ஓட்ட ஒரே ஒரு பீஸு ஆர்டர் குடேன்," என்றான்.

என் கையில் இல்லை என்றேன். அதுதான் உண்மையும்.

விஜயதசமியன்று காலையில் போனேன். லேத்தின் மேல் சாமந்தி மாலை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பீஸைப் பிடிக்கும் சக் வெறுமனே சுற்றியது.

"கழிவ மாட்ட மனசு வர்ல," என்றான்.

அவன் மனைவி பொரி கொண்டுவந்தாள். நின்றபடியே தின்றோம். பிறகு அவனே சுவிட்சை அணைத்தான். சக் சுற்றி ஓயும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.