கல்மேட்டில் யாரோ நடமாட்டம்

முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. ராக்னா புறங்கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாலைப் போல இளஞ்சூடு. கடலுக்குப் போகிற வாத்து தன் நெஞ்சுத் தூவியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். இது மூடவில்லை. போகிற பதற்றத்தில் முட்டைமேல் எச்சமும் போட்டிருந்தது. எதற்கோ பயந்து ஓடியிருக்கிறது.

பக்கத்துக் கூட்டிலும் அதே கோலம். அதற்கடுத்ததில் முட்டைகள் சில்லென்று கிடந்தன. அந்த வாத்து திரும்பி வரவே இல்லை.

கீரி போன்ற மிங்க் வந்திருந்தால் முட்டையை உடைத்துக் குடித்திருக்கும். கழுகு வந்திருந்தால் இறகு சிதறியிருக்கும். இங்கே எதுவும் கலையவில்லை, வாத்துகள் மட்டும் இல்லை. தனக்குச் சற்று முன்னால் யாரோ இங்கே வந்துபோயிருக்கிறார்கள் என்று ராக்னா முடிவுகட்டினாள். எப்போது ஏறி வந்தாலும் அவளுக்குச் சற்று முன்னால்தான் அந்த யாரோ வந்துபோகிறார்கள். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கிரோஹோல்ம் தீவில் இருந்தது மூன்று பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் புருஷன் எட்வின். காலையில் வலை பார்க்கக் கடலுக்குப் போனால் மத்தியானம் வரை வரமாட்டான். மிச்சம் இருப்பது நாத்தனார் குன்வோர்.

இறங்குகிற வழியில், கல்வட்டங்களைச் சுற்றியிருந்த கரிய சதுப்பு மண்ணில் இன்னொன்றையும் பார்த்தாள். சின்னச் சின்னதாக வட்ட ஓட்டைகள். விரல் நுழைகிற அளவு, மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. பழைய காலத்துக் கொக்கி, பாசிமணி, வாள்பிடி என்று தேடி அலைகிறவர்கள் இரும்புக் கம்பியை இப்படித்தான் மண்ணில் குத்திப் பார்ப்பார்கள். அந்த வட்டங்கள் ஆயிரம் வருஷத்துக்கும் முந்திய வீடுகளின் அடிக்கல். அப்போதைய மனிதர்கள் அடுக்கியவை. அவர்கள் போனபின் வாத்துகள் அவற்றைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. ராக்னா வருஷாவருஷம் அந்தக் கற்களின் மறைவில் காய்ந்த கடற்பாசியைப் பரப்பி மெத்தை போட்டுவைப்பாள். தீவிலேயே அதிகக் கூடு அங்கேதான். குஞ்சுகள் போனபின் கூட்டில் மிஞ்சுகிற மெத்தைத் தூவியை விற்றுத்தான் இந்தத் தீவில் பிழைப்பு.

குன்வோர் பெர்கன் நகரத்து மியூசியத்தில் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தவள். பழைய சாமானுக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாதா?

ராக்னா மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினாள். கவிழ்த்துப் போட்ட பழைய படகு வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்தாள். கையிலிருந்த பனிச்சறுக்குத் தடியை அதனடியில் செருகினாள். அங்கிருந்து வீடு வரைக்கும் சமதளம். கல்சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துவிடலாம்.

அந்தத் தடியைப் பற்றி எட்வினுக்குத் தெரியாது. போன இலையுதிர்காலத்தில் அவன் கரையில், துறைமுக ஊரில், ஒரு வீடு பார்த்துவைத்தான். லிஃப்ட் உள்ள வீடு. ஒவ்வொரு வசந்தத்திலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வருவது போதும் என்றான். "வாத்து குறைஞ்சாலோ, நம்மள்ல ஒருத்தருக்கு முடியாமப் போனாலோ, அதோட நிறுத்திக்கலாம். சரியா?" ராக்னாவும் சரி என்றாள். வாத்தும் குறையாது, தனக்கும் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் சொன்னாள். ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்தாள். அதிலிருந்து இடுப்பில் ஒரு கத்தி செருகியே இருக்கிறது.

அவள் இந்தத் தீவுக்கு வந்தது பத்தொன்பது வயதில். மீன் ஆலையில் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை செய்து பழகியவள் என்பதால் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், சிரித்தால் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். அவளைக் கட்டிக்கொண்டு வந்த எட்வினை அக்கம்பக்கத் தீவுகளில் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள். வாத்து அடைகாக்கிற காலத்தில் இங்கே யாரும் சுத்தியல் தட்டுவதில்லை, துணி காயப்போடுவதில்லை, நாய் வளர்ப்பதில்லை. கூடுகளைச் சுற்றிவருகிற ஆள் முதல் நாள் போட்ட உடையையே கடைசி நாள் வரைக்கும் போடவேண்டும். மாமியார் தன் சாம்பல்நிறக் கோட்டைக் கழற்றி மருமகளுக்கு மாட்டிவிட்டு, "இதுக்குள்ள இருக்கிற வரைக்கும் நீ நான்தான். வாயைத் திறந்துடாதே" என்றாள். வாத்துகள் கோட்டை நம்பின. ராக்னா வாயை மூடக் கற்றுக்கொண்டாள். மகன் அடைகாலத்துக்கு முந்திப் பிறந்தது அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் அவளுடைய பிரசவக் கூச்சலில் ஒரு வாத்தும் மிஞ்சியிருக்காது என்று எட்வின் இன்றைக்கும் சொல்வான்.

குன்வோர் அந்த மாமியாரின் மூத்த மகள். பதினாறு வயதில் போனவள், ஏதாவது சாவுக்கு மட்டும் வந்து போனாள். இந்த மே மாதம் சிவப்பு மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, அதுவும் சிவப்பு, படகிலிருந்து இறங்கினாள். ராக்னா அதை அங்கேயே பிடுங்கிப் பெட்டியில் பூட்டினாள். குன்வோர் அவள் கோட்டைத் தொட்டுப் பார்த்து, "அம்மாவோடது இன்னும் கிழியலையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியே ராக்னாவுக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மூவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். ராக்னா மட்டும் நின்றுகொண்டே காப்பி குடித்தாள்.

"மேட்டுக்குப் போனியா?"

குன்வோர் வாஃபிள்மேல் பழுப்புச் சீஸைச் சீவி வைத்துக்கொண்டிருந்தாள். "எந்த மேட்டுக்கு?"

"இந்தத் தீவுல எத்தனை மேடு கண்ட?"

"போகாதேன்னு சொன்ன. போகல."

"அப்ப மண்ணுல ஓட்டை போட்டது யாரு, செத்துப்போன வைக்கிங்கா?"

"மெதுவா," என்று எட்வின் விரலை உயர்த்தினான். வாசற்படிக்கு அடியில் ஒரு வாத்து உட்கார்ந்திருந்தது. படிக்காரி என்று பேர். ஆறு வருஷமாக அதே இடம்தான். அவளை எழுப்பிவிடாமல்தான் சண்டையும் போட்டாக வேண்டும்.

"நாப்பது வருஷமா எட்டிப் பாக்காதவ இந்த வருஷம் எதுக்கு வந்த?" என்று ராக்னா குரல் எழுப்பாமல் வெறும் மூச்சுக்காற்றிலேயே கத்தினாள்.

"என் வீட்டுக்காரர் செத்தப்புறம் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு," என்று குன்வோரும் காற்றிலேயே பதில் சொன்னாள்.

"அமைதி பிடிக்கலன்னா இங்கயா வருவாங்க?"

"இங்க அமைதின்னு யாரு சொன்னா? நீதான் இருக்கியே."

எட்வின் சிரிப்பை அடக்க மீசையைத் துடைத்தான். ரெண்டு பாம்பு குசலம் விசாரிச்ச மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னான்.

ராக்னா விடவில்லை. "எல்லாரும் படுத்தப்புறம் கதவு திறக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. எங்க போற?"

குன்வோர் தம்பியைப் பார்த்தாள். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இங்கயா?" எட்வினுக்கு முகமே மாறிப்போயிற்று. "வாத்துக்கு நடுவுலயா? அம்மா இருந்தா உன்னைக் கடல்ல தள்ளியிருப்பா."

"தண்ணி வத்தினா வெளிய தெரியுதே, அந்தப் பாறைக்குப் போய்த்தான் குடிக்கிறேன். புகை கடல் பக்கம் போயிடும். சூரியனே மறையாத இந்த மாசத்துல விடிஞ்சாலும் வெளிச்சம், படுத்தாலும் வெளிச்சம், எனக்குத் தூக்கம் வரலடா." பிறகு ராக்னா பக்கம் திரும்பினாள். "அங்கேர்ந்து பாத்தா மேடு நல்லாத் தெரியும். காலைலயும் அங்கதான் இருப்பேன், நீ ஏறுறது தெரியும். அந்தக் கவுத்த படகுகிட்ட..."

ராக்னாவின் கையில் காப்பிக் கோப்பை தட்டில் இடறிச் சத்தம் போட்டது. குன்வோர் அந்தக் கையைப் பார்த்தாள், எட்வினைப் பார்த்தாள்.

"...படகுகிட்ட செடி நல்லா வளர்ந்திருக்கு," என்று முடித்தாள். "நாளைக்கு அதுவரைக்கும் நானும் கூட வரேன்."

என்ன பேரம் பேசப் போகிறாளோ என்று ராக்னா அன்றைக்குத் தூங்கவில்லை.

காலையில் எட்வினின் படகுச் சத்தம் ஓய்ந்தபின் இருவரும் கவிழ்த்த படகு வரை நடந்தார்கள். குன்வோர் குனிந்து தடியை உருவினாள். கீழ்நுனியில் இரும்பு முனை. அருகிலிருந்த பாறையில் அதை ஒருமுறை ஊன்றினாள். டிக்.

மேட்டின் மறுபக்கத்திலிருந்து இரண்டு பழுப்பு வாத்துகள் எழுந்து, தாழப் பறந்து கடலுக்குப் போயின.

ராக்னா பார்த்துக்கொண்டே நின்றாள். தடியை வாங்கி, கால்பக்கத்துச் சதுப்பு மண்ணில் முந்தைய நாள் பார்த்ததைப் போன்ற ஒரு ஓட்டையில் முனையை விட்டாள். அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போயிற்று.

"ஏறுறப்ப பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்லை நான், இது என் தடி போட்ட ஓட்டைன்னு தெரியல," என்றாள் கடைசியில்.

"நீ மேடு ஏறி முடிக்கிறதுக்குள்ள அதுங்க ஓடிடுது. நீ போய்த் தொட்டா முட்டை சூடாத்தான் இருக்கும்."

"எப்பேர்ந்து தெரியும் உனக்கு?"

"நாலஞ்சு நாளா. சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டாள். அது இருவருக்கும் தெரிந்ததுதான். ராக்னா படகின் முதுகில் மெல்லச் சாய்ந்தாள். "எட்வின்கிட்ட சொல்லப்போற."

"எனக்கு என்ன லாபம்?"

"லிஃப்ட் வச்ச வீடு. உனக்கும் ஒரு அறை ஒதுக்குவான், தங்கமான தம்பி."

"எனக்கு லிஃப்டுன்னாலே பயம். பெர்கன்ல மூணாவது மாடி, இன்னிவரைக்கும் படிதான்."

அது பொய்யா நிஜமா என்று ராக்னாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் மேட்டில் இன்னும் பாதிக் கூடுகளில் வாத்து உட்கார்ந்திருந்தது. தடியோடு போனால் அவையும் போய்விடும். தடி இல்லாமல் அவளால் ஏறமுடியாது. யாரும் போகாவிட்டால் காக்கையும் மிங்க்கும் துணிந்து வந்துவிடும். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. அவள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். காற்று குளிர்ந்தது.

"கையைத் தூக்காதே. பாடாதே. கூட்டுக்கு நேரா நடக்காதே, பக்கவாட்டுல போ. பாக்கெட்டுல அந்தப் பெட்டி இருந்தா இங்கயே வை."

குன்வோர் சிகரெட் பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தன் அம்மாவின் கோட்டைப் போட்டுக்கொண்டாள். தோள் சரியாக இருந்தது. அதுவும் ராக்னாவுக்குப் பிடிக்கவில்லை.

ராக்னா வீட்டுக்குள் வந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தொலைநோக்கியை எடுத்தாள். சாம்பல் கோட்டு மேட்டின் ஓரமாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு அடி வைத்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. குன்வோர் நொண்டினாள். வலது காலை இழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து, அச்சு அசலாக ராக்னாவைப் போல.

"அது யாரு மேட்டுல?"

திரும்பினாள். எட்வின் கையில் மீன் கூடையோடு நின்றான். காற்று திரும்பிவிட்டதாம், சீக்கிரமே வந்துவிட்டான்.

"உன் அக்கா."

"கோட்டு உன்னோடதாச்சே?"

"இடுப்பு," என்றாள். "ஜனவரிலேர்ந்து. வழுக்கி விழுந்தேன். தடி வச்சு நடந்தேன், அந்தச் சத்தத்துலதான் மேட்டு வாத்து கலைஞ்சிருக்கு. இப்ப சொல்லு, உன் லிஃப்டைப் பத்தி."

எட்வின் கூடையைக் கீழே வைத்தான். "நான் என்னவோ என்மேல கோபம்னு நினைச்சேன்," என்றான். "அஞ்சு மாசமா பக்கத்துல உக்காராம நின்னுகிட்டே காப்பி குடிக்கிற. வீடு பாத்தது தப்போ, வேற எதுவோன்னு..."

"உக்காந்தா எழுந்திருக்க முடியல, மடையா."

இருவரும் ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தார்கள். சாம்பல் கோட்டு கல்வட்டங்களுக்கு நடுவே போய் நின்றது. எதுவும் பறக்கவில்லை. கழுத்து நீண்ட ஒரு பழுப்புத் தலை கல்லுக்கு மேலே எழும்பிப் பார்த்தது, பிறகு தணிந்துவிட்டது.

"குஞ்சுங்க கடல்ல இறங்கினதும் நீ ஆஸ்பத்திரிக்கு வர," என்றான் எட்வின்.

"வரேன். ஆனா வீட்டைப் பத்திப் பேச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி அடுத்த வசந்தம் ஒண்ணு பாக்கணும். மேட்டுக்கு எத்தனை திரும்பி வருதுன்னு."

"நீ போறதா, அவ போறதா?"

அது ராக்னாவுக்கே இன்னும் பிடிபடவில்லை.

குன்வோர் வந்ததும் ராக்னா அவளைக் கதவருகிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னைப் பழிச்சுக் காட்டினியா? ஊருக்கே தெரியிற மாதிரி நொண்டினியே?"

"ஊர் எங்க இருக்கு இங்க? அதுங்களுக்குத் தெரிஞ்சது அந்த நடைதான். கோட்டுக்குள்ள நேரா நடந்தா வேற ஆளுன்னு தெரிஞ்சிடாதா?" குன்வோர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

சொன்னது நியாயம்தான். ஆனாலும் கடைசி இரண்டு மூன்று அடிகளை, வாத்தே இல்லாத முற்றத்திலும் அவள் நொண்டியபடியே வந்ததை ராக்னா பார்த்திருந்தாள். கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். மாட்டுவதற்கு முன் இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவினாள். ஒன்றும் இல்லை, கொஞ்சம் வாஃபிள் தூள் மட்டும். அதையும் மோந்து பார்த்தாள்.

"காப்பி ஆறுது," என்றான் எட்வின், படிக்காரிக்குக் கேட்காத குரலில். ராக்னாவுக்கென்று உயரமான நாற்காலி ஒன்றைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து வைத்தான்.