படிக்காமல் போட்ட கையெழுத்து

கடலை மடித்துக் கொடுத்த தாளைக்கூடப் படிக்காமல் கசக்கிப் போட சுருளியம்மாளுக்கு மனம் வராது. எட்டாவதோடு நின்றவள்தான், ஆனாலும் கிளை நூலகத்து நாவல்களில் பாதியை முடித்திருந்தாள். கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகும் ஜீப்பில், மற்ற பெண்கள் குமட்டலுக்கு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருவார்கள். இவள் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். அப்படிப்பட்டவள்தான் படிக்க வேண்டிய தாளைப் படிக்காமல் விட்டாள்.

1999-இல் மகள் சினேகாவுக்குக் காதுகுத்து. அண்ணன் விஜயபாண்டி தாய்மாமன் சீரை ஊர் மெச்சக் கொண்டுவந்தார். மடியில் உட்காரவைத்துக் காது குத்தும்போது பிள்ளை அழுததற்கு அவரும் கண் கலங்கினார். மறுநாள் காலையில், "ஆத்தா, அப்பா பேர்ல இருக்க மோட்டார் கரண்ட்ட எம் பேருக்கு மாத்தணும். ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு" என்று உத்தமபாளையம் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனார். கரண்டாபீசு காரியத்துக்கு இங்கே எதற்கென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அங்கே இருந்த அதிகாரி, "படிச்சுப் பாத்தீங்களாம்மா?" என்று கேட்டார். நேற்றுச் சீர் சுமந்து வந்த அண்ணன் பக்கத்தில் நிற்கிறார். அவர் முன்னால் தாளை வாங்கிப் படிப்பதும், அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

"எங்கண்ணன் எழுதிக் கொண்டாந்திருக்காக. நான் என்னத்தப் படிக்க?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் தன் பங்கைக் கேட்டுப் போனபோது விஷயம் உடைந்தது. "அதான் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டியே ஆத்தா" என்றார் விஜயபாண்டி, இளநீர் சீவிக்கொண்டே. பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்துக்கு விடுதலை என்று பேர் வைத்தவன் எவனோ, அவன் நாசமாய்ப் போக. சீவிய இளநீரை அவளிடமே நீட்டினாரே, அதுதான் கொடுமை.

"ஊர்க்கதையெல்லாம் படிக்கிறவளுக்கு ஒத்தத் தாளப் படிக்கத் துப்பில்ல" என்றான் புருஷன் வேலுச்சாமி. ஜீப்பில் 'படிப்பாளி' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். தோப்பு போனதைவிட அந்தப் பேர்தான் சுட்டது. அண்ணன் மேல் வரவேண்டிய ஆத்திரம் எல்லாம் தன் மேலேயே திரும்ப, சுருளியம்மாள் புத்தகத்தைத் தொடுவதை விட்டாள். மூன்று வருடம் தொடவில்லை.

பிறகு ஒருநாள் நூலகர் ஞானதுரை வழிமறித்து, "ஒரு நாவல் உங்ககிட்டயே நிக்கிதும்மா" என்றார். அது பரணில் கிடந்தது, பாதியில் விட்டது. தூசி தட்டி எடுத்தவள் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து படித்தாள். கதையில் ஒரு தாய். பெற்ற மகனே வீட்டை விற்றுவிட்டு அவளைச் சத்திரத்தில் விட்டுப் போகிறான். எல்லோரும் அவளிடம்தான் "எப்படி ஏமாந்தாய்?" என்று கேட்கிறார்கள். "நான் நம்பினேன். அதற்கு நான் ஏன் வெட்கப்பட வேண்டும்?" என்கிறாள் அவள். வீடு கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தச் சத்திரத்திலேயே நாலு பேருக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் கூசாமல் வாழ்ந்து முடிக்கிறாள்.

'நான் நம்பினேன்' என்ற அந்த வரியைச் சுருளியம்மாள் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்று வருடமாக வராத அழுகை அன்றைக்கு வந்தது. மறுநாள் ஜீப்பில் அந்தக் கதையைச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மலையம்மாள் மட்டும் மெதுவாக, "எங்கிட்டயும் இப்படித்தான் கையெழுத்து வாங்குனாக" என்றாள். அந்த வாரமே சுருளியம்மாள் பத்திர ஆபீசில் மனுப்போட்டு நகல் வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

2006-இல் சினேகா வயதுக்கு வந்தாள். சடங்கன்று விஜயபாண்டி மேளத்தோடு, இருபத்தொரு தட்டுச் சீரோடு வேனில் வந்து இறங்கினார். சீரை வாங்கிவிட்டால் பழசெல்லாம் தீர்ந்தது என்று அர்த்தம். சொந்தபந்தம் முழுக்க அவள் கையைத்தான் பார்த்தது. மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நகலை அண்ணனிடம் நீட்டினாள்.

"அண்ணே, இத எல்லாருக்கும் கேக்க வாசிச்சுட்டு உள்ள வாங்க."

"நல்ல நாளும் அதுவுமா இதெதுக்குத்தா?"

"வாசிங்கண்ணே."

அவர் வாசித்தார். 'என் முழு மனதுடன், யாருடைய தூண்டுதலும் இன்றி' என்ற இடம் வரை வந்தார். தாளைத் தட்டின் மேல் வைத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தார். ஏந்தி வந்தவர்களும் தட்டுகளோடு பின்னாலேயே போனார்கள்.

தாய்மாமன் போட வேண்டிய மாலையைச் சுருளியம்மாளே மகள் கழுத்தில் போட்டாள். தோப்பு போன பிறகும் அவளுக்கு அண்ணன் என்று ஒருவர் இருந்தார். அன்றைக்குத்தான் இல்லாமல் போனார். மகள் பார்க்கவே அழுதாள்.